‘குட்’ என்று எழுதினால் பாராட்டா?

ஒருவர் மீது மதிப்பில்லை என்றால் நம்மவர்கள் அதை ஒளிப்பதில்லை. "சல்லிக்காசு பெறமாட்டான்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவோம். இங்கிலீஷ்காரர் வழி வேறு. இளக்காரத்துக்கும் கோட்டு மாட்டித்தான் வெளியே அனுப்புவார்.

"லுக் டவுன் ஆன்" என்றால் கீழே பார்ப்பதல்ல, ஒருவரைத் தாழ்வாக நினைப்பது. "பூர் ஒப்பினியன்" என்பதில் ஏழ்மை ஏதும் இல்லை. மட்டமான அபிப்பிராயம், அவ்வளவே. "டேக்ஸ் எ டிம் வியூ" என்று எழுதிய மேலதிகாரிக்குக் கண் மங்கிவிடவில்லை. நம் செய்கை அவருக்குப் பிடிக்கவில்லை. இவற்றுள் பொல்லாதது "லீவ்ஸ் மச் டு பி டிசையர்ட்". டிசையர் என்றால் ஆசை என்று பள்ளியில் படித்தவர், எல்லாரும் ஆசைப்படும்படி வேலை செய்திருக்கிறோம் என்று மகிழ்ந்து போவார். குறைகள் ஏராளம் என்பதே அதன் பொருள்! துறைமுகத்தில் மூட்டை இறக்குபவர் காதில் விழும் "குட் ஃபார் நத்திங்" என்பதும் அப்படித்தான். முதலில் ‘குட்’ வருகிறதே என்று ஏமாறக் கூடாது. எதற்கும் உதவாதவன் என்ற வசை அது.

சர்க்கார் உத்தியோகத்தில் அந்தக் ‘குட்’ தனியாக வந்தாலும் ஆபத்து உண்டு. எல்லைச் சாலைப் பொறியியல் பணியில் இருந்த தேவ் தத் என்ற செயற்பொறியாளருக்கு 1993-94ஆம் ஆண்டு ரகசியக் குறிப்பில் ‘குட்’ என்று எழுதினார்கள். பதவி உயர்வுக்கோ ஐந்தாண்டுகளும் ‘வெரி குட்’ வேண்டும். ஆக, பாராட்டுப் போலத் தோன்றிய சொல்லே உயர்வைத் தடுத்தது. அப்படி எழுதியதை அவருக்குத் தெரிவிக்கவும் இல்லை. ‘குட்’ பாதகமான குறிப்பு அல்லவே, எதற்குத் தெரிவிக்க வேண்டும் என்றது அரசுத் தரப்பு. 2008 மே மாதம் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்கவில்லை. சொல் எது என்பதல்ல, அதனால் விளையும் பலனே முக்கியம். எந்தக் குறிப்பானாலும் ஊழியருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

2009இல் மத்திய அரசும் விதியை மாற்றியது. சி.ஆர். என்று நாம் பயந்த அறிக்கை இப்போது ஏ.பி.ஏ.ஆர். முழு அறிக்கையையும் ஊழியரிடம் கொடுக்க வேண்டும். கிடைத்த 15 நாட்களுக்குள் அவர் ஆட்சேபம் எழுதித் தரலாம். அந்தமான் யூனியன் பிரதேசம் என்பதால், 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்ட போர்ட் பிளேரில் நிர்வாகப் பணியிலிருக்கும் நம்மவர்களுக்கும் இது பொருந்தும். ஒப்பந்தத் தொழிலாளருக்கு இந்த வசதி இல்லை என்பது வேறு கதை.

15 நாள் என்பது கப்பலில் ஊருக்குப் போய் வருவதற்குள் ஓடிவிடும். அறிக்கை கைக்கு வந்த அன்றே படியுங்கள். ‘ஆவரேஜ்’, ‘அடிக்வேட்’ போன்ற சாதுவான சொற்களைக் கண்டால், உங்கள் பதவி உயர்வுக்கு என்ன தரம் கேட்கிறார்கள் என்பதை அலுவலகத்தில் விசாரித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.