முறுக்கிய நூலுக்குள் என்ன இருக்கு? பாகல் கொடி, பட்டு, டயர்

ஒரு முழம் தையல் நூலை எடுத்து, ஒரு முனையைக் கதவுக் கைப்பிடியில் கட்டி, மறுமுனையை ஒரே பக்கமாக முறுக்கிக்கொண்டே போங்க. பிறகு தொய்வு விடாமல் நடுவில் ஒரு விரலை வைத்து, நூலை இரண்டாக மடித்து, விரலை எடுங்க. நூல் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். உங்கள் கை செய்த வேலையில் ஒரு பகுதியை நூல் சேர்த்து வைத்திருந்தது. விட்டதும் திருப்பிக் கொடுத்துவிட்டது.

இன்னொன்றையும் கவனிக்கணும். இந்தப் புதுச் சுற்று, முதல் முறுக்குக்கு எதிர்த்திசையில் இருக்கும். இப்போது கையை எடுத்தாலும் அது பிரியாது. தனி இழைகள் பிரியப் பார்த்தால் இரட்டை இறுகும். இரட்டை பிரியப் பார்த்தால் தனி இழைகள் இறுகும். மீதி முறுக்கு உள்ளேயே பூட்டிக்கிடக்கிறது.

இந்தச் சமன்பாட்டைத் தோட்டத்திலும் பார்க்கலாம். பாகல், வெள்ளரிக் கொடிகளின் பற்றுக்கம்பி ஒரு குச்சியைப் பிடித்ததும் சுருளத் தொடங்கும். இரண்டு முனையும் கட்டுண்டு கிடப்பதால் ஒரே திசையில் சுருள வழியில்லை. அதனால் பாதி வலப்பக்கமும் பாதி இடப்பக்கமும் சுருளும். நடுவில் ஒரு நேரான துண்டு இருக்கும். டார்வினே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். காற்றில் கொடி ஆடும்போது இந்தச் சுருள்தான் ஸ்பிரிங். வெள்ளரியின் முதிர்ந்த சுருளை இழுத்தால், அது பிரிவதற்குப் பதிலாக முதலில் இன்னும் கொஞ்சம் சுருண்டுகொள்கிறது என்று 2012-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். மெல்ல இழுத்தால் இளகிக் கொடுக்கும், பலமாக இழுத்தால் விறைத்துக்கொள்ளும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இதே கணக்கு இரண்டு தொழில்களில் ஓடுது. ஒன்று பட்டு. இங்கே மல்பெரித் தோட்டங்கள் நிறைய. மத்திய பட்டு வாரியத்தின் மரபுவள மையமும் ஓசூரில்தான் இருக்கு. புடவையின் பாவுக்குப் போகும் பட்டு இழையை ஒரு திசையில் முறுக்கி, பிறகு இரண்டு இழையைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்குவார்கள். தறியின் இழுப்பையும் அடியையும் அது தாங்கணும். ஒரே திசையில் மிக அதிகமாக முறுக்கிய பட்டு வேறு மாதிரி. அதை நெய்து நனைத்தால் முறுக்கு வெளியே வரப் பார்க்கும், துணி சுருங்கும். கிரேப் பட்டின் சுருக்கம் அப்படி வருவதுதான்.

இன்னொன்று டயர். ஓசூர் தொழிற்சாலைகளிலிருந்து வெளியே வரும் மோட்டார் சைக்கிள்களின் டயரைப் பிளந்தால், பெரும்பாலும் உள்ளே நைலான் கார்ட் இருக்கும். பாவுப் பட்டைப் போலவே ஒரு திசையில் முறுக்கிய இரண்டு இழை, சேர்த்து எதிர்த்திசையில் முறுக்கியது. வழக்கமான ஒரு வகையில் மீட்டருக்கு 390 சுற்றுக்குப் பக்கம். முறுக்கினால் நைலானின் இழுவலிமை உண்மையில் குறையும், ஏன்னா இழைகள் சாய்ந்துவிடுகின்றன. இருந்தும் முறுக்குவது சோர்வு தாங்குவதற்காக. சக்கரம் தரையில் அழுந்தும் இடத்தில் கார்ட் ஒரு கணம் நெருக்கப்படுகிறது. நேரான இழை அங்கே மடங்கி மடங்கி முறியும்; முறுக்கிய இழை ஸ்பிரிங் போல வளைந்து கொடுக்கும். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு சுமார் 50 கி.மீ. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 17 அங்குல பைக் சக்கரம் ஒன்று ஏறக்குறைய 27,000 முறை சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் இந்த நெருக்கல் உண்டு.

ஒவ்வொரு முறையும் வாங்கிய ஆற்றல் முழுசாகத் திரும்பி வராது. ஒரு பகுதி இழைக்குள்ளேயே வெப்பமாகிறது. சூடானால் நைலானுக்கு ஒரு கெட்ட குணம்: நீளத்தில் சுருங்கும், குறுக்கே பருக்கும். அதனால்தான் டயருக்குப் போகும் முன்பே கார்டைச் சூட்டில் இழுத்துப் பிடித்துப் பதப்படுத்துகிறார்கள்.

இந்தக் கெட்ட குணத்தையே டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லஸ் வளாகத்தில் ரே பாக்மன் குழு வேலைக்கு எடுத்துக்கொண்டது. 2014-ல் அவர்கள் எடுத்தது மீன்பிடி நரம்பு, அதுவும் நைலான்தான். சுருள் விழும்வரை ஒரே திசையில் முறுக்கினார்கள், சமன்படுத்தவில்லை. சூடாக்கினால் இழை பருத்து, முறுக்கு பிரியப் பார்த்து, சுருளை இழுக்கிறது. நீளத்தில் 49 சதவீதம் வரை சுருங்கியது. அதே நீளமும் எடையும் கொண்ட மனிதத் தசையைவிட 100 மடங்கு பாரம் தூக்கியது. ஆனால் கொடுக்கும் வெப்பத்தில் மிகச் சிறு பகுதிதான் வேலையாக மாறுகிறது. 2019-ல் பட்டிலும் செய்தார்கள்: சுருளாக்கிச் சூட்டில் பதப்படுத்திய பட்டு, காற்றின் ஈரப்பதம் 20-லிருந்து 80 சதவீதமானால் 70 சதவீதம் சுருங்குகிறது. கிரேப் துணி நனைந்தால் நடக்கும் அதே வேலை, பெரிய அளவில்.

ஆக, அதிர்ச்சியை விழுங்கும் நூல், வேலை செய்யும் நூல் என்று இரண்டு தனிப் பொருள் தேவையில்லை. நைலானும் பட்டும் இரண்டுக்கும் போதும். முறுக்கைச் சமன்படுத்தினோமா, திறந்து விட்டோமா என்பதில்தான் வித்தியாசம்.

டயரில் நமக்கு வேண்டியது விழுங்கும் நூல். அதற்கும் ஒரு எல்லை இருக்கு. காற்று குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் டயர் அதிகமாக வளையும், உள்ளே வெப்பம் ஏறும், நைலான் இளகும், ரப்பரோடு உள்ள ஒட்டு தளரும். கோடையில் பின்சீட்டில் ஆளும் மூட்டையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகிறவர்கள் கிளம்பும் முன்பு, டயர் சூடாவதற்கு முன்னாலேயே, காற்றைச் சரிபார்த்துவிடுங்க.