சிறிய வீடு, சில வண்ணங்கள்

சதுர அடி குறையக் குறைய நிறத்தின் பொறுப்பு கூடுகிறது. அறைக்கொரு நிறம் என்ற பழைய வழக்கம் இன்றைய அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு ஒத்துவருவதில்லை.

மும்பையில் 1920களில் கட்டப்பட்ட பி.டி.டி. சால்களில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது 160 சதுர அடி அறை. அவை இடிக்கப்பட்டு எழும் மாடிக் கட்டடங்களில் அதே குடும்பங்களுக்கு 500 சதுர அடி. வொர்லியில் 2025இல் முதல் தொகுதிக் குடும்பங்கள் சாவி வாங்கின. மற்றவர்களுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. அதே நகரின் குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் 225 சதுர அடியில் தொடங்கிய வீடு, 269 ஆகி, 300இல் வந்து நிற்கிறது. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் நலிந்த பிரிவினருக்கான நகர்ப்புற வீட்டின் அளவு 30 சதுர மீட்டர். அதாவது சுமார் 323 சதுர அடி.

இத்தனை சிறிய இடத்தில் குடிபுகும் குடும்பம் முதலில் செய்யும் காரியம், ஷேட் கார்டைப் பிரித்துவைத்துக்கொண்டு சண்டை போடுவது. அப்பாவுக்கு ஹாலில் பச்சை, அம்மாவுக்குச் சமையலறையில் மஞ்சள், மகளுக்கு ரோஸ், மகனுக்கு நீலம். பேச்சுவார்த்தை முடிந்து எல்லோருக்கும் ஆளுக்கொரு சுவர் ஒதுக்கப்படுகிறது. பெயிண்டர் போன பிறகுதான் விபரீதம் புரிகிறது. ஹால் நடுவில் நின்றால் திறந்த கதவுகள் வழியே நான்கு நிறங்களும் ஒரே நேரத்தில் கண்ணில் படுகின்றன. ஏற்கனவே சிறிய வீடு, துண்டு துண்டாக வெட்டுப்பட்டு இன்னும் சிறியதாகத் தெரிகிறது.

பெரிய வீட்டில் இந்தத் தொல்லை கிடையாது. ஓர் அறையிலிருந்து இன்னொன்றுக்குப் போக நடை, கூடம், முற்றம் என்று இடைவெளி உண்டு. பார்த்த நிறத்தைக் கண் மறந்த பிறகுதான் அடுத்தது எதிரே வரும். சிறிய வீட்டில் நிறங்கள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. பக்கத்து நிறம் மாறினால் ஒரு நிறத்தின் தோற்றமே மாறிவிடும் என்பதை பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 1839இல் வெளியிட்ட நூலில் விளக்கிவிட்டார். பாரிஸின் கோபலான் நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்த அவரிடம் கறுப்புச் சாயம் சோபிக்கவில்லை என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்ததில் சாயத்தில் குறையில்லை. அதன் அருகில் நெய்திருந்த நிறங்கள்தான் கறுப்பை மங்கவைத்தன. கடையில் அழகாகத் தெரிந்த பச்சை, வீட்டில் ரோஸ் சுவருக்குப் பக்கத்தில் கண்ணைக் குத்துவதும் இதனால்தான்.

ஆகவே ஷேட் கார்டிலிருந்து தொடங்குவது தவறான வழி. மாற்ற முடியாதவற்றிலிருந்து தொடங்குவதே சரி. தரை எந்த நிறம்? சமையல் மேடையில் கறுப்பு கிரானைட்டா? கதவு மரப் பழுப்பா? ஸ்டீல் பீரோ, சோபா, ஃபிரிட்ஜ் ஆகியவற்றில் எதை அடுத்த பத்து ஆண்டுகளுக்கு மாற்றப்போவதில்லை? இவையெல்லாம் வீட்டில் ஏற்கனவே இருக்கும் நிறங்கள். கட்டுமான நிறுவனங்கள் அதிகம் போடும் தந்த நிற டைல்ஸ் தரைக்குச் சந்தனம், வெளிர் மஞ்சள், மண் சாயல் கொண்ட நிறங்கள் இணங்கிப்போகும். நீலம் கலந்த பளீர் வெள்ளையை அடித்தால், தரை அழுக்குப் படிந்ததுபோலத் தோன்றும்.

அடுத்த கேள்வி எந்த நிறம் எவ்வளவு என்பது. அலங்கார நிபுணர்கள் 60, 30, 10 என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பட்டுப்புடவை உடுத்தும் வீட்டில் இதை விளக்கத் தேவையில்லை. உடல், முந்தானை, கரை. வீட்டுக்கு உடல் என்பது சுவர்கள். எல்லா அறைகளுக்கும் ஒரே நிறம், அல்லது அதே நிறத்தில் கொஞ்சம் அடர்த்தி கூடியும் குறைந்தும். முந்தானை என்பது திரைச்சீலை, படுக்கை விரிப்பு, அலமாரிக் கதவுகள். கரை என்பது தலையணை உறை, பூஜை மாடம், ஒரு நாற்காலி. பிடித்த மயில் நீலமோ அரக்குச் சிவப்போ இந்தப் பத்தில் ஒரு பங்குக்குள் எவ்வளவு துணிச்சலாகவும் வரலாம். ஒரே நிபந்தனை, அது ஒவ்வோர் அறையிலும் ஓரிடத்திலாவது தலைகாட்ட வேண்டும். அப்போதுதான் வீடு முழுவதும் ஒரே புடவையாகத் தெரியும். ஒட்டுப் போட்டதாகத் தெரியாது.

பரண் கதவுகள், சுவரோடு பதித்த அலமாரிகள் ஆகியவற்றுக்குச் சுவரின் நிறத்தையே கொடுப்பது சிறிய வீட்டுக்குக் கைகொடுக்கும் தந்திரம். தலைக்கு மேல் துருத்திக்கொண்டிருக்கும் பரண் சுவரோடு கரைந்துவிடும். கூரை, சுவரைவிட ஒரு படி வெளிறியதாக இருந்தால் தாழ்வான அறைகூடச் சற்று உயர்ந்ததாகத் தோன்றும்.

நிறத்தைத் தீர்மானிப்பதில் குடும்பத்தைவிட ஜன்னலுக்கு அதிக உரிமை உண்டு. வடக்குப் பார்த்த ஜன்னலில் ஆண்டின் பெரும்பகுதி நேரடி வெயில் விழாது. வருவது வானத்தின் நீலச் சாயல் கொண்ட குளிர்ந்த வெளிச்சம். அங்கே சாம்பலும் நீலமும் சோகையாகத் தெரியும். மஞ்சள் சாயல் கலந்த நிறங்கள் உயிர் கொடுக்கும். மேற்கு ஜன்னல் மாலையில் செம்மஞ்சள் ஒளியைக் கொட்டும். அந்த அறைக்கு வெளிர் பச்சையோ வெளிர் நீலமோ இதம். கட்டடங்கள் நெருக்கியடித்து நிற்கும் மும்பையிலும் டெல்லியிலும் எதிர்வீட்டுச் சுவரின் நிறம்கூட உள்ளே வந்து விழுகிறது.

இரவில் இந்த வேலையை பல்பு செய்கிறது. 2,700 முதல் 3,000 கெல்வின் வரையிலான எல்.இ.டி. மஞ்சள் ஒளி தரும். 6,500 கெல்வின் என்று அட்டையில் போட்டிருந்தால் நீல வெள்ளை. முதலாவதில் கனிவாகத் தெரியும் சந்தன நிறம் இரண்டாவதில் வெளிறிப்போகும். ஓர் அறையில் ஒன்றும் அடுத்த அறையில் மற்றொன்றும் எரிந்தால், ஒரே டப்பா பெயிண்ட் இரண்டு நிறமாகத் தெரியும்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் வெள்ளையே அடித்துவிடலாமா? நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் 80 சதவீதத்துக்கும் மேல் திருப்பி அனுப்பும். அடர் நீலம் 10 சதவீதத்தைக்கூட எட்டாது. பகலிலும் விளக்கெரியும் வீடுகளில் இந்த வித்தியாசம் மின்கட்டணத்திலும் எதிரொலிக்கும். ஆனால், திருப்பி அனுப்ப ஒளியே வராத அறையில் வெள்ளை சாம்பலாகத்தான் தெரியும். தாளிப்புப் புகையும் குழந்தைகளின் கைரேகையும் அதில் முதலில் பதியும். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவரில் எந்த நிறமும் நிலைக்காது. கசிவை அடைக்காமல் பெயிண்ட் அடிப்பது புண்ணுக்குப் புனுகு பூசும் வேலை.

பழைய வீட்டில் குடியேறுவோர் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. வீட்டு உபயோக பெயிண்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் போகக் கூடாது என்ற விதி 2016இல் வெளியாகி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கதவு, ஜன்னல், கம்பிகளுக்கு அடித்த எனாமலில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் கூடுதலாக இருக்கலாம். அதை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் கிளம்பும் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். தண்ணீர் நனைத்துத் தேய்ப்பதும், அந்த நாட்களில் குழந்தைகளை வேறிடத்துக்கு அனுப்புவதும், ஈரத்துணியால் தரையைத் துடைப்பதும் கட்டாயம்.

செலவைப் பொறுத்தவரை, சுவரும் கூரையும் சேர்ந்தால் தரைப்பரப்பைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு வரும். 400 சதுர அடி வீட்டில் 1,200 சதுர அடி பெயிண்ட் வேலை. இரண்டு பூச்சுக்கு லிட்டருக்கு 120 சதுர அடி என்று வைத்தால் எமல்ஷன் 10 லிட்டர் போதும். ஒரே நிறமென்றால் ஒரே பெரிய டப்பா. நான்கு நிறமென்றால் நான்கு சிறிய டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் மிச்சம். வாங்கும் முன் சின்ன டப்பா ஒன்றில் சுவரில் இரண்டடிக்கு இரண்டடி சதுரம் இரண்டு பூச்சு அடித்து, காய்ந்த பின் காலை, மாலை, விளக்கொளி என மூன்று வேளையும் பார்த்துவிடுவது நல்லது. அட்டையிலுள்ள விரல் நகமளவு நிறம், முழுச் சுவரில் பல மடங்கு அழுத்தமாகத் தெரியும். பிடித்த நிறத்துக்கு ஒரு படி வெளிறியதைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் ஏமாற்றாது. வாடகை வீட்டில் சுவர் உரிமையாளருடையது. ஆனால் முந்தானையும் கரையும் குடியிருப்பவர் கையில்தான்.

இந்தப் பாடத்தை இந்தியா எப்போதோ தெருவில் எழுதி வைத்திருக்கிறது. 1876இல் வேல்ஸ் இளவரசரின் வருகைக்காக இளஞ்சிவப்புப் பூசிக்கொண்ட ஜெய்ப்பூரின் பழைய நகரம் இன்றும் அந்த நிறத்தை விடவில்லை. நெருக்கமான கடைகளும் மாடங்களும் ஒரே குடும்பம்போலத் தெரிவதற்கு அந்த ஒற்றை நிறமே காரணம். மகாராஜா ஆணையிட்டார், வேலை முடிந்தது. 300 சதுர அடி வீட்டில் ஆணையிட யாருமில்லை; அங்கே நடப்பது கூட்டணி ஆட்சி. சுவர் பொதுவான நிறம், தலையணை உறை அவரவர் விருப்பம் என்று குறைந்தபட்சச் செயல்திட்டம் போட்டுக்கொள்ளும் குடும்பங்களில்தான், அடுத்த தீபாவளிக்கு மறுபடியும் பெயிண்டரைக் கூப்பிட வேண்டியிருப்பதில்லை.