பிரசவத்தில் அவசியமும் அனாவசியமும்

பிரசவம் ஒரு வியாதியன்று; ஆயினும் கவனிப்பின்றி விடத்தக்க காரியமும் அன்று. மங்கலம்பேட்டை வட்டாரத்துக் குடும்பத்தார் இவ்விரண்டையும் ஒருங்கே நினைவிற் கொள்ளுதல் நலம்.

2019-21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் 99க்கு மேற்பட்டவை ஆஸ்பத்திரிகளிலேயே நிகழ்ந்தன. இது பெரும் நன்மையே. ஆனால் அவற்றுள் ஏறக்குறைய 45 சிசேரியன் முறையில் நிகழ்ந்தவை. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இத்தொகை 36. தனியார் ஆஸ்பத்திரிகளில் 64. 100க்கு 10 வரை இத்தொகை உயருங்கால் தாய் சேய் மரணம் குறைகிறதென்றும், அதற்குமேல் உயர்வதால் மரணம் மேலும் குறைவதாகத் தெரியவில்லையென்றும் உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவித்தது.

அவசியமற்ற அறுவையால் தாய்க்கு இரத்த நஷ்டமும், புண் சீழ்பிடித்தலும், அடுத்த கர்ப்பத்தில் அபாயமும் நேரக்கூடும். தனியாரிடம் செய்துகொண்டால் செலவுக்காக நகை அடகுக்குப் போவதும் உண்டு. ஜாதகத்திற்கு ஏற்ற நாழிகை பார்த்து, காலத்திற்கு முன்னரே அறுவை செய்யும்படி குடும்பத்தாரே கேட்பது பெரும் பிழை. நாள் நிறையாத சிசுவுக்கு மூச்சுத் திணறல் உண்டாகலாம்.

தாயும் சேயும் நலமாயிருப்பின் பொறுமையே முதல் மருந்து. தலைப்பிரசவத்தில் கருப்பைவாய் 5 சென்டிமீட்டர் திறந்த பின்னரும் 12 மணி நேரம் வரை செல்லலாம். அதற்குள் அவசரப்பட்டு வலி ஊசி போடுதல், வழக்கமென்று எனிமா கொடுத்தல், எல்லோருக்கும் பிறப்பு வாயைக் கத்தரித்துத் தையலிடுதல் ஆகியவை வேண்டுவதில்லையென 2018இல் அந்நிறுவனம் கூறிற்று. நடமாடுதலும், நம்பிக்கையான ஒரு துணை அருகிலிருத்தலும் தாய்க்குப் பலந்தரும். பிறந்த பின் ஒரு நிமிஷமேனும் கழித்தே தொப்புட்கொடியைக் கட்டுதல் சிசுவின் இரத்த விருத்திக்கு நல்லது.

ஆகவே, அறுவை வேண்டுமென்று கூறப்படின், "காரணம் யாது? இப்பொழுது அபாயம் உண்டா? காத்திருந்தால் என்னாகும்?" என்று மரியாதையுடன் வினவுக. கேட்பது குடும்பத்தாரின் உரிமை.

எனினும் மிகுந்த உதிரப்போக்கு, வலிப்பு, கடுந்தலைவலி, பார்வை மங்கல், சிசுவின் அசைவு குறைதல், குழந்தை குறுக்கே கிடத்தல் முதலியன காணின் கணமும் தாமதியாது 108 வண்டியை அழைத்து விருத்தாசலம் ஆஸ்பத்திரிக்குச் செல்க. அங்கே டாக்டர் அறுவையே வழியென்று சொன்னால் தயங்கவேண்டா. அத்தருணத்தில் கத்தியே தாயையும் சேயையும் காக்கும்.