கிராம சபையில உங்க சீட் காலியா இருக்கு!

ஏற்காடுன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சேலத்துலேர்ந்து பைக்கை முறுக்கி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் சத்தமா எண்ணிக்கிட்டே ஏறினது, ஏரியில படகு, சூடா மிளகாய் பஜ்ஜி, லேடீஸ் சீட்டுல நின்னு எடுத்த குரூப் போட்டோ... எனக்கும் போன மார்ச் வரைக்கும் ஏற்காடு அவ்வளவுதான் பாஸ்!

அந்த மார்ச்லதான் கிளாஸ்மேட் ஒருத்தன் வீட்டுக்குப் போனேன். டவுனைத் தாண்டி உள்ளே தள்ளி ஒரு மலைக் கிராமம். அவனோட அப்பா, சின்ன காபித் தோட்டக்காரர். வாசல்ல நின்னு வானத்தையே பார்த்துக்கிட்டிருந்தார். ‘‘என்னப்பா தேடறீங்க?’’ன்னு கேட்டேன். ‘‘பூ மழை தம்பி. இன்னும் வரலை’’ன்னார்.

பூ மழை தெரியுமா உங்களுக்கு? பிப்ரவரி, மார்ச் வாக்கில் ஒரு நல்ல மழை பெய்ய வேண்டும். பெய்தால் பத்து நாளைக்குள் செடி முழுக்க வெள்ளை வெளேரென்று பூத்து, மல்லிகை மாதிரி மணக்கும். மழை தள்ளிப்போனால் மொட்டு கருகும். அந்த வருஷத்து காபி போச்சு! அறுவடை நேரத்தில் தப்பாகப் பெய்தாலோ, களத்தில் காயும் காபிக் கொட்டை பூஞ்சை பிடிக்கும். பருவநிலை மாற்றம்னா துருவக் கரடின்னு நினைச்சுக்கிட்டிருந்த எனக்கு, அது ஒரு சின்ன விவசாயியோட வருஷ வருமானம்னு அன்னைக்குத்தான் உறைச்சது.

சரி, இதுக்கு யார் என்ன செய்ய முடியும்? ஐ.நா. மாநாடா, பாரீஸ் ஒப்பந்தமா? அதெல்லாம் இருக்கட்டும். உங்க ஊராட்சி ஆபீஸ் எங்கே இருக்குன்னு தெரியுமா?

சிரிக்காதீங்க! 1993-ல் அமலுக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சிகளுக்கு 29 துறைகளைப் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறது. சமூகக் காடுகள், நீர் மேலாண்மை, எரிபொருள், தீவனம், ஏன்... மரபுசாரா எரிசக்தி கூட அதில் இருக்கு. ‘பேப்பர்ல இருந்தா போதுமா?’ன்னு கேட்கறீங்களா? செஞ்சு காட்டினவங்க இருக்காங்க.

காற்றாலை வாங்கிய ஊராட்சி

கோவை மாவட்டம், மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஓடந்துறை. 1996-லிருந்து 2006 வரை அங்கே தலைவராக இருந்தவர் ஆர்.சண்முகம். ஊருக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்ததும் மோட்டார் கரன்ட் பில் எகிற ஆரம்பித்தது. 2003-ல் மரக்கட்டையை வாயுவாக்கி மோட்டார் ஓட்டும் 9 கிலோவாட் கருவி வைத்தார்கள். அதோடு நிற்கவில்லை. 2006-ல் ஊராட்சி சொந்தமாகவே 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது! விலை 1.55 கோடி ரூபாய். 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, 1.15 கோடி வங்கிக் கடன். ஓடந்துறையில் அவ்வளவு காற்று கிடையாது. அதனால் உடுமலைப்பேட்டை அருகே மைவாடியில் காற்றாலை சுற்றியது. வருஷத்துக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் தயாராக, ஊர்த் தேவை சுமார் 4.5 லட்சம். மிச்சம் மின்வாரியத்துக்கு விற்பனை! உலகத்தைக் காப்பாத்தணும்னு கிளம்பியவங்க இல்லை. கரன்ட் பில்லைக் கையில் எடுத்துப் பார்த்தவங்க. அவ்வளவுதான்.

மரத்தை அடகு வைக்கலாம்!

இன்னொரு ஊர், கேரளாவில் வயநாட்டு மீனங்காடி. ஏற்காடு மாதிரியே காபி, மிளகு, மலை, பழங்குடி மக்கள். ‘கார்பன் சமநிலை ஊராட்சி’ ஆகப்போறோம்னு 2016-ல் அறிவிச்சாங்க. முதல் வேலை கணக்கெடுப்பு. ஊர் வெளியிடும் கரியமில வாயு எவ்வளவு, மரமும் மண்ணும் உறிஞ்சுவது எவ்வளவு? வருஷத்துக்குச் சுமார் 11,000 டன் அதிகமா வெளியிடறோம்னு தெரிஞ்சது. அப்புறம் வந்ததுதான் ‘மர வங்கி’. கேரள அரசு கொடுத்த 10 கோடி ரூபாயைக் கூட்டுறவு வங்கியில் போட்டு, மரம் வளர்ப்பவருக்கு ஒரு மரத்துக்கு வருஷம் 50 ரூபாய் வட்டியில்லாக் கடன், பத்து வருஷத்துக்கு. திருப்பிக் கட்டணுமா? மரத்தை வெட்டினால்தான்!

இதைச் சொன்னதும் கிளாஸ்மேட்டோட அப்பா சிரிச்சார். ‘‘எங்க தோட்டத்துல சில்வர் ஓக் எத்தனை நிக்குதுன்னு எனக்கே தெரியாதே தம்பி!’’

பாயின்ட் அதுதான். சேர்வராயன் மலையில் காபி நிழலில் வளர்கிறது. நிழலுக்கு மரம், மரத்தில் மிளகுக் கொடி. ஊர்க்காரர்கள் கைவைக்காத கோயில் காடுகளும் இருக்கு. மீனங்காடி தேடிப்போன பாதி விஷயம் இங்கே ஏற்கெனவே நிக்குது. அதைக் கணக்கில் எழுத ஆள் வேணும். அங்கேதான் நீங்க வர்றீங்க.

ஒரு சாம்பிள் போடுவோமா? ஒரு ஊராட்சியில் 100 தெருவிளக்கு. 40 வாட் டியூப் லைட்டை எடுத்துட்டு 20 வாட் எல்.இ.டி. போட்டா, தினம் 12 மணி நேரத்துக்கு வருஷம் 8,760 யூனிட் மிச்சம். கரியமில வாயுவில் ஆறு டன். ஃபர்ஸ்ட் இயர் கணக்கு பாஸ்! இதே மாதிரி மரத்தை எண்ணலாம், வற்றிப்போன ஊற்றுகளைக் குறிக்கலாம், சனி ஞாயிறு டூரிஸ்ட்கள் விட்டுட்டுப் போற குப்பையை எடை போடலாம். அதுல நம்ம குப்பையும் இருக்கும், மறந்துடாதீங்க.

கணக்கை எங்கே கொடுக்கறது? கிராம சபையில்! உங்க பேர் அந்த ஊராட்சி வாக்காளர் பட்டியலில் இருந்தா நீங்களும் உறுப்பினர்தான். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2-ன்னு நாலு நாள் இருந்தது. 2022-ல் மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்து ஆறாச்சு. 501 முதல் 3,000 பேர் வரை வசிக்கும் ஊராட்சியில் குறைந்தது 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும்.

சேலம் உட்பட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தலைவர் நாற்காலி காலியானாலும் கிராம சபை காலியாகாது. அது மக்களோடது.

ஒரு உண்மையைச் சொல்லிடறேன். எனக்கு இருபது வயசு. எங்க ஊர் கிராம சபைக்கு நான் ஒரு தடவை கூடப் போனதில்லை. லீவுன்னா தூக்கம், கிரிக்கெட்! அடுத்த கூட்டத்துக்கு ஊருக்குப் போறேன். கையில் தெருவிளக்குக் கணக்கு இருக்கும்.

ஏப்ரல்ல கிளாஸ்மேட் போன் பண்ணினான். மழை வந்துச்சாம், லேட்டா. பாதிச் செடிதான் பூத்துச்சாம். எந்த ஊராட்சியும் தீர்மானம் போட்டு மழையை வரவழைக்க முடியாதுதான். ஆனா, அவங்க அப்பா இப்போ மரத்தை எண்ண ஆரம்பிச்சிருக்கார்.

நீங்க?