வீதிக்கென்று பிறந்த எழுத்து

யாழ்ப்பாண நகரிலிருந்து வடக்கே புறப்பட்டு, கொக்குவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் என்று ஊர்களைக் கோத்துக்கொண்டு சென்று கடலோரத்தில் முடிகிற காங்கேசன்துறை வீதி, ஈழத்துத் தமிழ் அச்சுக்கலையின் சரித்திரத்திலும் ஒரு பிரதான வீதியாகும். ஆறுமுக நாவலர் அச்சியந்திரசாலை நிறுவிய வண்ணார்பண்ணையும், 1930இல் தொடங்கிய 'ஈழகேசரி' பத்திரிகை வெளிவந்த சுன்னாகமும் இவ்வீதியை ஒட்டியே இருக்கின்றன. அந்த அச்சுக்கூடங்கள் ஈன்ற நூல்களைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். வழியே போகிறவனை ஒரு கணம் நிறுத்தி வைக்கும் தடித்த விளம்பர எழுத்தைப் பற்றி எழுதியவர் மிகச் சிலர். அதன் இலட்சணத்தையும் பிரயோகத்தையும் இங்கே சற்று விசாரிக்கலாம்.

ஐரோப்பாவில் அச்சு தோன்றி மூன்றரை நூற்றாண்டு வரையில் எழுத்துகள் பெரும்பாலும் புத்தகத்துக்கென்றே வெட்டப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மாநகரின் சுவர்களில் லாட்டரிக்கும் நாடகத்துக்கும் விளம்பரங்கள் நெருக்கியடித்தபோது, ராபர்ட் தோர்ன் முதலிய எழுத்து வார்ப்பாளர்கள், நெடுக்குக் கோடுகளை மிகவும் பருமனாக்கி, குறுக்குக் கோடுகளை மயிரிழைபோல் மெலிவித்து, கோட்டு நுனிகளில் 'செரிப்' எனப்படும் சிறு பாதங்களை நிறுத்தி, ஒரு புதிய இனத்தையே சிருஷ்டித்தார்கள். 1827இல் நியூயோர்க்கில் டேரியஸ் வெல்ஸ் என்பவர் மரத்தில் எழுத்துகளை இயந்திரத்தால் குடைந்தெடுக்கும் முறையைக் கண்டார். ஈயத்தில் வார்த்தால் தூக்க முடியாத பாரமாகிவிடும் எழுத்துகளும் அதனால் மலிவாகவும் இலேசாகவும் கிடைத்தன. 1922இல் சிகாகோ நகரத்து ஒஸ்வால்ட் கூப்பர் வரைந்த 'கூப்பர் பிளாக்' என்ற எழுத்து, அந்தப் பாதங்களை உருட்டி மழுக்கி, கம்பீரத்தோடு ஒரு கனிவையும் சேர்த்தது. இன்று கணினியில் 'பழைய பாணி' என்று கிடைக்கும் தடித்த எழுத்துருக்களில் பல இக்குடும்பத்தின் வாரிசுகளே.

தமிழ் அச்சோ இதற்கு எதிர்த் திசையில் நடந்தது. கொல்லத்தில் 1578இல் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறிய நாள் தொட்டு, எழுத்தைப் பெரிதாக்குவது எவருடைய கவலையாகவும் இருக்கவில்லை. ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த எழுத்துகள் பெரியனவாய் இருந்து அரிய காகிதத்தை விழுங்கியமையால், பாதிரிமார் உள்ளூரிலேயே சிறிய எழுத்துகளை வார்க்க நேர்ந்தது. மானிப்பாயில் 1841இல் பிறந்த 'உதயதாரகை' போன்ற பத்திரிகைகளுக்கும் குறுகிய தாளில் நிறைந்த செய்தியே இலட்சியமாயிற்று.

பெரிய எழுத்து அவசியமானது மேடையினால். காங்கேசன்துறை வசந்த கான சபாவின் நடிகமணி வி. வி. வைரமுத்து 'மயான காண்டம்' நடிக்கிறார் என்றால் கிராமம் கிராமமாய் ஜனங்கள் திரண்ட காலம் ஒன்றிருந்தது. நாடக நோட்டீசு என்பது அடக்கமாய்ப் பேசத் தெரியாத தாள். நாடகத்தின் பெயரும் நடிகரின் பெயரும் தடித்த எழுத்தில் முழங்க, இடமும் நேரமும் கீழே சிறிதாய் நிற்பதே அதன் முறை. கோவில் திருவிழா அறிவித்தலுக்கும், யாழ்ப்பாணத்துச் சுவர்களில் ஒட்டப்படும் மரண அறிவித்தலுக்கும் அதே முறைதான்.

ஆனால் தமிழைத் தடிப்பாக்குவது எளிதன்று. ஓலையில் எழுத்தாணி கீறிய கோடு எங்கும் ஒரே கனமுடையது. தடிப்பும் மெலிவும் பின்னர் வந்த அணிகள். மேலும், நம் எழுத்தின் உயிர் சுழியில் இருக்கிறது. மூன்று சுழி 'ண'வையும் இரண்டு சுழி 'ன'வையும் எல்லாப் புறமும் ஒரே அளவாய் ஊதிப் பெருக்கினால், சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளிடம் மூடுண்டு, தூரத்தில் நிற்பவனுக்கு இரண்டும் ஒரே கரும்புள்ளியாகிவிடும். கணினியில் ஒரு பொத்தானை அழுத்திச் செய்யப்படும் தடிப்பில் நேர்வது பெரும்பாலும் இந்த விபத்தே. சுழிகளை மெலியவிட்டு, நிமிர்ந்தும் கிடந்தும் ஓடும் கோடுகளில் பாரத்தை ஏற்றி, தொடக்கத்திலிருந்தே கனமாய் வரையப்பட்ட எழுத்தில்தான் கம்பீரமும் தெளிவும் கூடி நிற்கும்.

நீளமும் ஒரு சங்கடம். காங்கேசன்துறை என்ற பெயரில் எழுத்துகள் ஏழு; காலும் கொம்பும் தனித்தனியே நிற்பதால் அச்சுக்கோப்பவர் கையில் அவை பத்தாகின்றன. கனத்த எழுத்து அகலத்தையும் கேட்குமாதலால், பெயர்ப்பலகைக்காரர் பக்கவாட்டில் நசுக்கத் தொடங்குவார். நசுக்கிய தடித்த எழுத்தைப்போல் அவலட்சணமானது வேறில்லை.  ஆகவே, சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றையும் ஒரு பலகையில் தாங்கும் புகையிரத நிலையங்களுக்கு, ஒரே சீரான எளிய எழுத்தே தக்கது. ஓடும் வண்டியிலிருந்து பார்க்கும் பிரயாணிக்கு ஊர்ப்பெயர் புரிவதே முக்கியம். அங்கே அலங்காரம் இடையூறாகும். கடையின் பெயர், நூலின் அட்டை, நாடகத்தின் தலைப்பு என்று இரண்டு மூன்று சொற்களில் முடிகிற இடமே தடித்த எழுத்தின் இராச்சியம். பத்தி முழுவதையும் அதில் அடுக்குவோர் வாசகனின் கண்ணையும் பொறுமையையும் ஒருங்கே சோதிக்கிறார்கள்.

நம் பழைய விளம்பர எழுத்துகளின் வடிவம் இன்று எஞ்சியிருப்பது, பெட்டிகளிலும் ஏடுகளின் இடுக்குகளிலும் கிடக்கும் காகிதத் துண்டுகளில்தான். உங்கள் வீட்டில் ஒரு நாடக நோட்டீசோ, திருவிழா அறிவித்தலோ, பழைய கடையின் விலைப்பட்டியோ இருக்குமாயின், அதைக் குப்பையில் சேர்த்துவிடாதீர்கள். 2005 முதல் ஈழத்து ஏடுகளை மின்வடிவில் காத்துவரும் 'நூலகம்' போன்ற நிறுவனங்களிடம் காட்டுங்கள். புதிய தமிழ் எழுத்துருக்களை வரைய முன்வரும் இளைஞர்களுக்கு அவையே பாடநூல்கள்.