சேர்க்கை மதிப்பெண்

கடலூர்த் துறைமுகச் சந்திப்பில் இரயில் ஏறித் தெற்கே செல்வோர், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை ஆகிய ஊர்களைக் கடந்து சிதம்பரத்தை அடைவர். நகரின் கிழக்கே, 1929ஆம் ஆண்டில் ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் கொடையால் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பரந்து விளங்குகிறது. அதனைச் சார்ந்திருந்த மருத்துவக் கல்லூரி, 2021ஆம் ஆண்டு முதல் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாக நடைபெற்று வருகிறது.

தேர்வு முடிவுகள் வெளிவரும் நாட்களில் இம்மாவட்டத்து வீடுகளில் எழும் வினா ஒன்றே: “சென்ற ஆண்டு எத்தனை மதிப்பெண்ணுக்கு இடம் கிடைத்தது?” விடையாகக் கிடைக்கும் எண்ணை நம்பி ஒரு மாணவி விண்ணப்பம் செய்கிறாள், மற்றொருத்தி மனம் தளர்ந்து விண்ணப்பியாதே விடுகிறாள். நிலத்தை அடகு வைத்து மகனைப் பயிற்சி நிலையத்திற்கு அனுப்பும் தந்தையரும் உளர். அவ்வெண் எவ்வாறு பிறந்தது என்பதை நாம் ஆராய வேண்டாவா?

இடம் பெற்றோருள் கடைசியாக நின்றவரின் மதிப்பெண்ணே ‘கட்-ஆப்’ எனப்படுகிறது. இஃது ஒரு கல்லூரிக்கு ஒன்றென அமைவதன்று. இட ஒதுக்கீட்டின் ஒவ்வொரு பிரிவுக்கும், கலந்தாய்வின் ஒவ்வொரு சுற்றுக்கும் வேறுபடும். பொறியியலில் கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கணக்கிடுவர். பிரிவையும் சுற்றையும் கூறாது “இக்கல்லூரியின் கட்-ஆப் 190” என்பவர், பொய் சொல்லாமலே நம்மை ஏமாற்றிவிடக் கூடும்.

தகுதி மதிப்பெண் என்பது முற்றிலும் வேறு. 2024ஆம் ஆண்டின் நீட் தேர்வில் பொதுப்பிரிவினர்க்கு அது 720க்கு 162ஆக முடிந்தது. நூற்றுக்கு ஐம்பது பெற்றவர் என்பது இதன் பொருளன்று. தேர்வு எழுதியோரில் பாதிப் பேருக்கு முன்னே நிற்பவர் என்பதே பொருள். இம்மதிப்பெண் வாயிலைத் திறக்குமே ஒழிய, அரசுக் கல்லூரியில் இடம் தந்துவிடாது.

அவ்வாண்டின் வரலாறே நமக்கு ஒரு பாடம். 2023இல் 720க்கு 720 பெற்றோர் இருவர். 2024 சூன் 4ஆம் நாள் வெளியான முடிவில் அவர்கள் 67 பேர்! நாடே திகைத்தது. தேர்வு நேரம் குறைந்ததற்காக 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண் வழங்கப்பட்டிருந்தது தெரிய வந்தது. அது நீக்கப்பட்டபின் முழு மதிப்பெண் பெற்றோர் 61 ஆயினர். இயற்பியல் வினா ஒன்றுக்கு இரண்டு விடைகளை ஏற்றிருந்ததும் வழக்காயிற்று. உச்ச நீதிமன்றம் தில்லி ஐ.ஐ.டி. அறிஞரின் கருத்தைக் கேட்டது. சரியான விடை ஒன்றே என உறுதியானபின் 17 பேரே எஞ்சினர். ஒரே வினா 44 பேரின் நிலையை மாற்றிற்று. நீதிமன்ற ஆணையின்படி தேர்வு மையந்தோறும் பெற்ற மதிப்பெண்கள் சூலை 20ஆம் நாள் வெளியிடப்பட்ட பின்னரே, எவரும் தாமே கணக்கிட்டுப் பார்க்க வழி பிறந்தது.

அயல்நாட்டிலோ, கல்லூரிகளே தம் எண்களை உயர்த்திக் காட்டியதுண்டு. கலிபோர்னியாவின் கிளேர்மான்ட் மெக்கென்னா கல்லூரி, நுழைவுத் தேர்வு மதிப்பெண்களைத் தன் அலுவலர் ஒருவர் 2005 முதல் மிகைப்படுத்தியதாக 2012இல் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டில் எமரி பல்கலைக்கழகம் கூறிய செய்தி நுட்பமானது. சேர்ந்து பயில்வோரின் மதிப்பெண்ணைத் தர வேண்டிய இடத்தில், இடம் அளிக்கப்பட்டோர் அனைவரின் மதிப்பெண்ணையும் பத்தாண்டுகளுக்கு மேலாக அது தந்து வந்தது. இடம் கிடைத்தும் வேறு கல்லூரிக்குச் சென்றுவிட்ட சிறந்த மாணவர் பலர் அக்கணக்கில் அடங்குவர்; ஆகவே சராசரி உயர்ந்து தோன்றியது. தரவரிசையில் முந்தும் ஆசை படித்தவரையும் விடுவதில்லை போலும்!

தமிழ்நாட்டு மாணவருக்கு ஒரு வசதி உண்டு. கலந்தாய்வு நடத்தும் அரசுக் குழுக்கள் தரவரிசைப் பட்டியலையும் இட ஒதுக்கீட்டுப் பட்டியலையும் வெளியிடுகின்றன. ஒவ்வொரு வரியிலும் தரவரிசை எண், மதிப்பெண், பிரிவு, கல்லூரி ஆகியவை காணப்படும். விளம்பரத்தாளில் ஒரு கல்லூரி தன்னைப் பற்றி என்ன எழுதினும், கடலூர் மாணவி ஒருத்தி அப்பட்டியலைத் திறந்து, தன் பிரிவில் சிதம்பரத்துக் கல்லூரியில் கடைசியாக இடம் பெற்றவரின் வரியைத் தன் விரலாலேயே தொட்டுக் காணலாம்.