ராத்திரி பன்னிரண்டு மணிக்கு பேண்டு வாத்தியம்

ஊரை விட்டு வெளியே வாழ்கிற நமக்கு ஓட்டல் வாசம் தவிர்க்க முடியாத ஒன்று. ஒரு காலத்தில் டில்லிக்கு வந்தால் கரோல்பாக்கில் யாராவது ஒரு மாமா வீட்டில் பாயை விரித்துவிடலாம். இப்போது மாமா வீட்டிலும் இரண்டே அறை, அதில் மூன்று தலைமுறை. பிள்ளையின் நேர்முகத் தேர்வு, எய்ம்ஸ் மருத்துவமனையில் அப்பாவுக்குப் பரிசோதனை, காசி யாத்திரை என்று எதற்கு வந்தாலும் அறை எடுத்துத்தான் ஆகவேண்டும். வாடகை, குளியலறை, பக்கத்தில் இட்லி கிடைக்குமா என்றெல்லாம் விசாரிக்கிற நாம், ராத்திரி தூங்க முடியுமா என்று மட்டும் கேட்பதில்லை.

நாகபுரியில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பம். பையன் ஐ.ஏ.எஸ். எழுத்துத் தேர்வில் தேறி, நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்துவிட்டது. ஷாஜகான் சாலையில் உள்ள தோல்பூர் ஹவுஸில் மறுநாள் காலை அமர்வு. பெற்றோர் இருவரும் துணைக்கு வந்து கரோல்பாக்கில் அறை எடுத்தார்கள். பிப்ரவரி மாதம். ஒன்பது மணிக்குப் பையன் படுத்தான். ஒன்பதரைக்கு ஜன்னலுக்கு நேர் கீழே பாராத் வந்து நின்றது. குதிரை மேல் மாப்பிள்ளை, தலையில் விளக்குத் தூக்கியவர்கள், அந்த விளக்குகளுக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டர் வண்டி, முப்பது பேர் பேண்டு. அது உள்ளே போனதும் முதல் மாடி ஹாலில் டி.ஜே. ஆரம்பம். இவர்கள் அறை இரண்டாவது மாடி. ஒரு மணிக்கு மேல்தான் ஓய்ந்தது. பையன் கண்ணயர்ந்தது இரண்டு மணிக்கு. அந்த வருடம் பட்டியலில் அவன் பெயர் இல்லை. தூக்கம்தான் காரணம் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. அவன் அம்மா மட்டும் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்.

இதில் ஓட்டல்காரர் மேல் மட்டும் குற்றமில்லை. வட இந்தியாவில் எந்தெந்த நாளில் கல்யாணம் என்பதைப் பஞ்சாங்கமே சொல்லிவிடுகிறது. ஆஷாட மாதத்து தேவ் சயனி ஏகாதசியிலிருந்து, தீபாவளி அமாவாசைக்குப் பின் வரும் வளர்பிறை ஏகாதசி வரை பெரும்பாலும் கல்யாணம் கிடையாது. அந்த ஏகாதசிக்கு தேவ் உட்டனி என்று பெயர். அன்று பெருமாள் கண் விழிக்கிறார் என்பது ஐதீகம். கூடவே நகரமும் விழித்துக்கொள்ளும்! டிசம்பர் நடுவிலிருந்து சங்கராந்தி வரை, அதாவது நம் மார்கழி முழுவதும், அவர்களுக்குக் 'கர்மாஸ்'. முகூர்த்தம் கிடையாது. பிறகு மார்ச் நடுப்பகுதி வரை மும்முரம். நமக்குப் பங்குனி கல்யாண மாதம், அவர்களுக்கோ அதுவும் கர்மாஸ். ஏப்ரல் நடுவில் மறுபடி தொடங்கும். ஐ.ஏ.எஸ். நேர்முகத் தேர்வுகள் பெரும்பாலும் ஆண்டின் முதல் நான்கைந்து மாதங்களில் நடக்கின்றன என்பதைச் சேர்த்துப் பார்த்தால் நாகபுரிக் குடும்பத்தின் சங்கடம் புரியும்.

ஆகவே அறை பதிவு செய்யுமுன் டெலிபோனில் கேட்கவேண்டிய முதல் கேள்வி, "உஸ் தின் ஹோட்டல் மே ஷாதி ஹை க்யா?" என்பதுதான். ஓட்டலில் விருந்து ஹால் இருக்கிறதா, எந்த மாடியில் என்பது அடுத்த கேள்வி. ஹாலுக்கு நேர் மேலே உள்ள அறை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். டிரம்மின் கனத்த அடி ஒலி காற்றில் மட்டும் வருவதில்லை, தூண் வழியாகவும் தரை வழியாகவும் ஏறி வரும். அதற்குக் கதவும் ஜன்னலும் தடையில்லை.

தெருப் பக்கத்து அறையை விடப் பின்பக்கத்து அறை நல்லது. ஆனால் பின்பக்கம் என்றவுடன் மகிழ்ந்துவிடக் கூடாது. சமையலறையின் புகைபோக்கி விசிறியும் ஜெனரேட்டரும் அங்கேதான் இருக்கும். லிஃப்டை ஒட்டிய அறையில் ஒவ்வொரு முறையும் கதவு திறக்கிற சத்தம் கேட்கும். கடைசி மாடியில் தண்ணீர்த் தொட்டியும் மோட்டாரும் விடியற்காலை நான்கு மணிக்கே வேலையைத் தொடங்கும். இரண்டு அறைகளுக்கு நடுவே உள்கதவு இருந்தால் பக்கத்து அறைக்காரரின் குடும்ப விவகாரம் முழுவதும் நமக்கு அத்துபடியாகிவிடும். நடு மாடியில், தாழ்வாரத்தின் கோடியில், உள்கதவு இல்லாத அறையாகக் கேளுங்கள். பகார்கஞ்ச், கரோல்பாக் பக்கம் ஜன்னலே இல்லாத உள்ளறைகளும் உண்டு. சத்தம் குறைவுதான். ஆனால் வயதானவர்களை அந்தக் காற்றில்லாத பெட்டியில் படுக்க வைப்பது எனக்கு உடன்பாடில்லை.

பெட்டியைத் திறப்பதற்கு முன் ஐந்து நிமிஷம் அறையில் சும்மா உட்கார்ந்து காது கொடுத்துக் கேளுங்கள். துணிமணி எடுத்து வைப்பதற்கு முன் அறை மாற்றிக் கேட்டால் கொடுப்பார்கள். நள்ளிரவில் கேட்டால், "சாப், சப் ஃபுல் ஹை."

கண்ணுக்கு இமை உண்டு, காதுக்கு இல்லை. தூங்கும்போதும் அது திறந்தேதான் இருக்கிறது. நாம் விழிக்காவிட்டாலும் ஒரு திடீர்ச் சத்தத்துக்கு இதயத் துடிப்பு கூடும், ஆழ்ந்த தூக்கம் மேலோட்டமாகும். படுக்கையறையில் இரவு முழுவதற்குமான சராசரிச் சத்தம் 30 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது, தனித்தனியாக எழும் சத்தங்கள் 45-ஐத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வகுத்துக் கொடுத்தது. டெசிபல் கணக்கு நம் சாதாரணக் கூட்டல் கணக்கு அல்ல. 10 டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இன்னொன்றும் உண்டு. சத்தமே இல்லாவிட்டாலும் புது இடத்தில் முதல் ராத்திரி சரியாகத் தூக்கம் வராது. நம் பாட்டிகள் இதை எப்போதோ சொல்லிவிட்டார்கள். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2016-இல் காரணத்தைக் கண்டார்கள். புது இடத்தில் முதல் இரவு, மூளையின் இடப்பாதி வலப்பாதியைவிடக் குறைந்த ஆழத்தில்தான் தூங்குகிறது. அது சிறு சத்தத்துக்கும் விழித்துக்கொள்கிறது, காவல்காரன் போல. அடுத்த முறை தங்கியபோது இந்த வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே முக்கியமான காரியம் என்றால் முந்தின நாள் வந்து இறங்காமல் இரண்டு நாள் முன்னதாக வருவது ஒரு நாள் வாடகைக்குத் தகும். நாகபுரிப் பையனுக்கு அடுத்த வருடமும் நேர்முகத் தேர்வு வந்தது. இந்த முறை இரண்டு நாள் முன்பே வந்து, பின்பக்கத்து அறையாகப் பார்த்து எடுத்தார்கள். வீட்டுத் தலையணையை அம்மா தூக்கிக்கொண்டே வந்தார். பழகின தலையணை உறையும் போர்வையும் அந்தக் காவல்காரனைக் கொஞ்சம் சமாதானப்படுத்தும்.

சத்தம் வந்தே தீரும் என்றால் என்ன செய்வது? மருந்துக் கடைகளில் மெத்தென்ற ஃபோம் காதடைப்பான் கிடைக்கிறது. விலை அதிகமில்லை. சரியாகப் பொருத்தினால் 20 டெசிபலுக்கு மேல் குறைக்கும். 'சரியாக' என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பலரும் அதைக் காது வாசலில் ஒட்டவைத்துவிட்டு, பயனில்லை என்று தூக்கி எறிகிறார்கள். சுத்தமான விரல்களால் மெல்லிய திரிபோல உருட்டி, மற்றொரு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, உள்ளே செலுத்தி, அது விரிகிறவரை அரை நிமிஷம் விரலால் பிடித்திருக்க வேண்டும். வெறும் பஞ்சு இதற்கு ஈடாகாது. காதில் சீழ், வலி உள்ளவர்கள் இதைத் தொடக் கூடாது.

கதவின் அடி இடுக்கில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தால் தாழ்வாரத்துப் பேச்சு பாதியாகும். மின்விசிறியை ஓடவிடுங்கள். ஒரே சீராக ஓடும் சத்தம் நம்மை எழுப்பாது. விட்டுவிட்டு வரும் சத்தம்தான் எழுப்பும். சீரான ஒலி மற்றதை மூடிவிடுகிறது. பழைய ஜன்னல் ஏ.சி. அடிக்கடி நின்று கிளம்பி உறுமுவதால், குளிர்காலத்தில் அதை விசிறியாக மட்டும் ஓட்டலாம். மாலை ஆறு மணிக் காப்பியை அன்று ஒரு நாள் தியாகம் செய்யுங்கள். குடித்த காஃபீனில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும்.

ஆனால் காதை அடைக்குமுன் ஒரு காரியம் செய்தாக வேண்டும். 2019 பிப்ரவரியில் கரோல்பாக்கில் ஓர் ஓட்டலில் விடியற்காலை தீப்பிடித்து 17 பேர் இறந்தார்கள். எல்லாரும் தூங்குகிற நேரம். அவசரப் படிக்கட்டு எங்கே, அந்தக் கதவு திறக்கிறதா என்று நடந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். குடும்பமாகத் தங்கினால் ஒருவராவது காதடைப்பான் இல்லாமல் படுக்கட்டும்.

சட்டமும் நம் பக்கம்தான். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. 2010 திருத்தத்தில் இசைக் கருவிகளும் சேர்க்கப்பட்டன. ஆகவே பேண்டு வாத்தியமும் இதில் அடக்கம். சமய, பண்பாட்டு விழாக்களுக்காக வருடத்தில் மொத்தம் 15 நாளுக்கு மிகாமல் 12 மணி வரை மாநில அரசு தளர்த்தலாம். உச்ச நீதிமன்றம் 2005 ஜூலையில் இந்த இரவுத் தடையை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. மூடிய ஹாலுக்குள் விலக்கு உண்டு என்றாலும் வெளியே கேட்கிற சத்தத்துக்கு வரம்பு இருக்கிறது. முதலில் ரிசப்ஷன், பிறகு மானேஜர். அதற்கும் மசியாவிட்டால் 112. கோபமாகக் கத்துவதைவிட, "கல் பச்சே கா இன்டர்வியூ ஹை, பாய்சாப்" என்று சொன்னதும் கல்யாண வீட்டுப் பெரியவரே டி.ஜே.யைக் குறைக்கச் சொன்ன கதைகளும் உண்டு.

ஊருக்குப் போனால் மட்டும் நிம்மதியா? பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே லாட்ஜ் எடுத்தால் ஏர் ஹாரனும், "திருச்சி, திருச்சி" என்ற கண்டக்டர் குரலும் ராத்திரி முழுக்கத் துணை. மார்கழியில் கோயிலை ஒட்டிய லாட்ஜ் என்றால் நாலரை மணிக்கே ஒலிபெருக்கி. காசியில் விசுவநாதருக்கு மங்கள ஆரத்தி விடியற்காலை மூன்று மணிக்கு. கோயில் சந்துகளில் தங்குகிறவர்கள் எட்டரைக்கே படுத்துவிடுவது நல்லது.

கடைசியாக, நம்மவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாத்திரைக் கோஷ்டியாக நாற்பது பேர் தங்கியிருக்கும் ஓட்டலில் விடியற்காலை நான்கு மணிக்கு, "அத்திம்பேர், வெந்நீர் வருதா?" என்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் குரல் கொடுப்பது யார் என்று ரிசப்ஷன் பையனைக் கேட்டால் தயங்காமல் சொல்வான். சில ஓட்டல்களில் தமிழ்க் கோஷ்டி என்றால் தனியாக ஒரு மாடியையே ஒதுக்கிவிடுகிறார்களாம். மரியாதைக்காக என்று நம்மிடம் சொல்கிறார்கள்.